ஒரே மரத்துக்கு மூன்று உயரம்

ஒரே வாரத்தில் ஒரே மரத்துக்கு மூன்று உயரம் சொன்னவன் நான். மரம் அந்த வாரம் முழுக்க ஓர் அங்குலம் வளரவுமில்லை, குறையவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலையின் இடுப்பில் இருக்கிறது. எங்கள் லயத்தில், ஒரே நீளக் கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு காம்பரா, எங்களுடையது மூன்றாவது. முன்பக்கம் திண்ணை போல இஸ்தோப்பு, பின்பக்கம் சமைக்கும் குசினி. குசினிக் கதவைத் திறந்தால் மழைத் தண்ணீர் ஓடும் கான். கானைத் தாண்டிக் காலை வைத்தால் மேடு. அந்த மேட்டில் அறுபத்தொரு கல் படி ஏறினால் தண்ணீர்த் தாங்கி வரும். தாங்கிக்குப் பக்கத்தில்தான் அந்த டர்பன்டைன் என்கிற யூக்கலிப்டஸ் மரம் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது என்பார்கள். தடிமல் பிடித்தால் அதன் இலையைப் பொறுக்கிவந்து அவித்து ஆவி பிடிப்போம். மற்றபடி அதை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. மலையில் வாழ்கிறவர்களுக்கு அண்ணாந்து பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசி மழை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்த பிறகு தாங்கிக்குப் போனவர்கள், மரத்தின் மேல்பக்கம் மண் வெடித்திருப்பதைக் கண்டார்கள். வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போனது. மேல்பக்கத்து வேர் பிடி விட்டுவிட்டது. அடுத்த மழைக்கு முன் மரத்தை இறக்கிவிட வேண்டும் என்பதில் தோட்டத்து ஆபீசுக்கும் லயத்துக்கும் இரண்டு கருத்து இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அது அபூர்வம்.

ஹாலிஎலயிலிருந்து மெஷின் வாளோடு ஒருவர் வந்தார். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார், வேரை உதைத்துப் பார்த்தார், கீழே லயத்தைப் பார்த்தார்.

"மேல சாய்க்க ஏலாது. சைட்லயும் ஏலாது. வேர் விட்ட போக்குலதான் மரம் போகும். நேரா கீழ. ஒங்க லயத்தப் பாத்துத்தான்."

"லயத்து மேல விழுமா?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை. மலையில் எங்கள் வேலையை மேற்பார்ப்பவர் அவர். ஆபீஸின் வார்த்தை எங்களுக்கு வருவதும் எங்கள் வார்த்தை ஆபீசுக்குப் போவதும் அவர் வழியாகத்தான்.

"அது மரத்தோட ஒசரத்தப் பொறுத்ததுங்க."

கேள்வி அவ்வளவுதான். மரத்தடிக்கும் லயத்துச் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தைவிட மரம் குட்டை என்றால், உச்சி மேட்டிலேயே படுத்துவிடும், யாருக்கும் ஒன்றுமில்லை. நெட்டை என்றால், ஆறு காம்பராவின் கூரைத் தகரத்தையும் கழற்றி, ஆறு குடும்பத்தையும் பழைய பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மரத்தில் வாளை வைப்போம் என்றது ஆபீஸ். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்ல ஒரு காலத்தில் இருந்த கட்டடம் அது. இப்போது அதன் சன்னல்களில் கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. இரண்டே வாரம், மறுபடி கூரை போட்டுத் தந்துவிடுவோம் என்றார்கள். கீழ்ப்பிரிவில் மண் சரிந்தபோது இரண்டு வாரத்துக்கென்று கொட்டிலுக்கு மாற்றப்பட்ட நான்கு குடும்பங்கள், அந்தக் கொட்டிலிலேயே தங்கள் மூன்றாவது கிறிஸ்மஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தன.

எங்கள் காம்பராவில், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அக்கா ஒன்பது நாள் மகளோடு படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கூட்டம், உடுப்பைக்கூட மாற்றாமல் லயத்தின் பின்பக்கம் கூடிவிட்டது. அப்பா மரத்தை நூற்றிருபது அடி என்றார். பக்கத்துக் காம்பராவில் இருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அப்பா நூற்றிருபது என்றதாலேயே தொண்ணூறு என்றார். மெஷின்காரரைக் கேட்டால், "சாச்சிட்டுக் கேளுங்க, கரெக்டா சொல்றேன்" என்றார்.

"எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதான் முதலில் பேசினார்.

"மரத்தோட ஒசரம் ஒன் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

கேலியில்லை. உண்மையாகவே கேட்டார். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புத்தகத்தில் என்னென்ன இருக்கும் என்பது பற்றி அப்பாவுக்கு எல்லையில்லாத நம்பிக்கை இருந்தது, அதே அளவுக்குச் சந்தேகமும் இருந்தது.

உயரம் இல்லை, உயரம் காணும் வழி இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போனார், வரவேண்டியவர் வந்துகொண்டே இருந்தார். நானும் மாமாவின் மகளும் ஒரே வகுப்பு. பயிற்சிகளை வரிசையாகச் செய்வோம். புத்தகத்தின் கடைசியிலிருக்கும் விடையோடு ஒத்துப் பார்ப்போம். வராவிட்டால் வரும்வரை செய்வோம். இருபடிச் சமன்பாட்டை அப்படித்தான் மடக்கினோம். திரிகோண கணிதத்துக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏறாமலே உயரம் காணலாம்! கலங்கரை விளக்கத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தேன், கடலைக் கண்டதில்லை. கோபுரம், கொடிக்கம்பம், நூல் அறுந்த பட்டம் எல்லாமே விடையோடு சரியாக வந்தன.

கோணம் அளக்கும் பாகைமானியின் நேர்விளிம்பில் பானம் உறிஞ்சும் குழாயொன்றை ஒட்டி, நடுத் துளையில் நூல் கட்டி, நூலின் நுனியில் மாமாவின் பழைய சைக்கிள் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். குழாய் வழியாக உச்சியைப் பார்த்தால், நூல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதிலிருந்து ஏற்றக் கோணம் கிடைக்கும். மாமா மகள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஏறினாள். மறுமுனையைக் குசினிச் சுவரில் வைத்து நான் பிடித்தேன். நூற்றிருபது அடி. அங்கேயே சுவரோடு ஒட்டி நின்று உச்சியைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று பாகை. புத்தகத்து அட்டவணையில் ஐம்பத்து மூன்றின் தான்சன் என்ற விகிதத்தைப் பார்த்து, நூற்றிருபதால் பெருக்கி, என் கண் தரையிலிருந்து நாலரை அடி உயரம் என்பதையும் மறக்காமல் கூட்டினேன். அதை மறக்காதது பற்றி எனக்குப் பெரிய பெருமை.

"நூத்தி அறுபத்தி நாலு அடி" என்று அறிவித்து, விடையின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

கணக்கப்பிள்ளை அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கணக்கே சொல்லிருச்சு. நாப்பத்திநாலு அடி உள்ள வருது. இனி என்ன பேச்சு?" என்று நேராக ஆபீசுக்குப் போனார். திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போதே கட்டளை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கூரை கழற்றப்படும். அதற்குள் சாமான்களை எடுத்துவிட வேண்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை சரியா என்று பார்த்து மூடிவிடுகிறவனுக்கு, விடைக்குப் பிறகும் ஏதாவது நடக்கும் என்பது புதிது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லயத்து இஸ்தோப்பு முழுக்க மூட்டைகள். முதல் காம்பராவில் கோழிக்கூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளைக் காம்பராவின் எந்த மூலையில் பனி குறைவாக அடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பழைய சேலைகளைக் கிழித்துச் சன்னல்களுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு தகரப் பெட்டியைத் தோளில் வைத்தபடி என் முன்னால் நின்றார்.

"என்ன மருமகனே, படிக்காத நாங்க நூறு வருஷமா மரத்துக்குக் கீழ இருந்தோம். நீங்க படிச்சு ஒரே ஒரு கணக்குப் போட்டீங்க. ஆறு குடும்பம் ரோட்டுக்கு வந்துருச்சு. இன்னும் ஒரு கணக்குப் போட்டா நமுனுகுல மலையே எடுத்துருவாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அழுகை வந்தது. ஆனாலும் உள்ளுக்குள், விடை சரிதானே, உண்மையைச் சொன்னதற்கு நான் என்ன செய்வேன் என்ற வீறாப்பும் இருந்தது.

அந்த வீறாப்பை மாமா மகள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் உடைத்தாள்.

"டேய் விஞ்ஞானி, மேல ரோட்டுலேருந்து பாத்தா அந்த மரம் அவ்வளவு பெருசாவே தெரியலடா."

"தெரியிறதுக்கும் இருக்கிறதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப வந்து அளந்து காட்டு. எங்கேருந்து அளந்தாலும் மரம் ஒண்ணுதானே?"

மேல் ரோட்டிலிருந்து மரத்தடி வரை கயிறு பிடித்தோம்: அறுபது அடி. கோணம் ஐம்பத்தெட்டுப் பாகை. பெருக்கினேன், கண் உயரத்தைக் கூட்டினேன். நூறு அடி வந்தது. மறுபடி பெருக்கினேன். நூறு அடிதான்.

"கீழேருந்து பாத்தா நூத்தி அறுபத்தி நாலு, மேலேருந்து பாத்தா நூறு" என்றாள் அவள். "நடுவுல நின்னு பாப்போமா? பிடிச்ச ஒசரமா ஒண்ண எடுத்துக்கலாம்."

அட்டவணையைச் சந்தேகித்தேன், பாகைமானியைச் சந்தேகித்தேன், தான்சனையே சந்தேகித்தேன். படியில் உட்கார்ந்து புத்தகத்துப் படத்தைப் பார்த்தேன். கொடிக்கம்பம், அதன் அடியிலிருந்து கோடு, கோட்டின் முனையில் ஒரு மனிதன். நானும் அதையேதான் செய்திருந்தேன். அவன் நின்றது தரை. நான் நின்றதும் தரை.

அப்போது அம்மா அக்காவின் துணிகளை அலச வந்தார். தாங்கிக் குழாயடியில் சமமான இடம் கிடையாது. அந்தச் சரிவில் நீலப் பிளாஸ்டிக் பேசினை வைத்துத் தண்ணீரைத் திறந்தார். பேசின் மேட்டின் சாய்வோடு சாய்ந்து நின்றது. கீழ்ப்பக்க விளிம்பில் தண்ணீர் வழிந்து ஓடியது. மேல்பக்க விளிம்பில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. பேசினும் சாய்வு, படியும் சாய்வு, கீழே தேயிலை நிரையும் சாய்வு. தண்ணீரின் முகம் மட்டும் புத்தகத்துக் கோடு போல நேராக இருந்தது.

புத்தகம் எழுதியவருக்குத் தரை என்றால் மட்டமானது. எங்களுக்குத் தரை என்றால் ஏறுவது அல்லது இறங்குவது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே பந்து ஒரு பக்கம்தான் உருளும். 'தரையில்' என்று வாசித்ததும் கயிற்றைத் தரையில் போட்டு இழுத்துவிட்டேன். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவன் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டான்.

"தண்ணி!" என்று கத்தினேன்.

"கொழாயில வருது, புடிச்சுக் குடி" என்றார் அம்மா.

பிறகு எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. எனக்கு வேண்டியது கயிற்றின் நூற்றிருபது அடியல்ல. மரம் லயத்திலிருந்து மட்டமாக எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. அதைக் காண, மரத்தடி லயத்தைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று தெரியவேண்டும். மேட்டுக்குள் துளை போட்டா அளப்பது என்று நான் தலையைச் சொறிந்தபோது மாமா மகள் சொன்னாள்: "படி இருக்கேடா."

அறுபத்தொரு படி. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். ஆறு அங்குலமும் உண்டு, ஒரு முழங்கால் அளவும் உண்டு. அவள் அடிமட்டக் கோலோடு ஒவ்வொரு படியாகக் குந்தி அளந்து கத்தினாள், நான் எழுதினேன். தண்ணீர்க் குடத்தோடு ஏறியவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெரியம்மா, "பாவம், கூரை போற கவலையில ரெண்டுக்கும் என்னமோ ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டினால் நாற்பதரை அடி. சரிவு நூற்றிருபது, ஏற்றம் நாற்பதரை, இனிப் பைதகரஸ். மட்டத் தூரம் நூற்றுப் பதின்மூன்று அடி என்று வந்தது. கோணத்தை மாற்றவில்லை, பிழை கோணத்தில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மரத்தின் உயரத்தை x என்று வைத்தேன். x உடன் நாற்பதரையைக் கூட்டி, என் கண் உயரம் நாலரையைக் கழித்தால், அது நூற்றுப் பதின்மூன்றை ஐம்பத்து மூன்றின் தான்சனால் பெருக்கியதற்குச் சமன். தீர்த்தேன்.

x = 114.

மேல் ரோட்டுக் கணக்கையும் இதேபோலச் சரிசெய்து பார்த்தோம். நூற்றுப் பதினைந்து வந்தது. இரண்டு பக்கத்திலிருந்து கிளம்பிய கணக்குகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து முட்டின. கயிறு நூற்றிருபது. மரம் நூற்றுப் பதினான்கு. ஆறு அடி மிச்சம். மாமா மகள் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு அறுபத்தொரு படியையும் கத்திக்கொண்டே இறங்கினாள். "வராது! லயத்துக்கு வராது!"

கணக்கப்பிள்ளையிடம் போனோம். அவர் புதிய தாளை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பழைய தாளை எடுத்து விரித்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம நூத்தி அறுபத்தி நாலு. செவ்வாக்கெழம நூத்திப் பதினாலு. வெள்ளிக்கெழம வரைக்கும் விட்டா மரம் தேயிலச் செடியா ஆயிரும் போலயே தம்பி?"

பேசின், தண்ணீர், மட்டம் என்று நான் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் நின்ற இடத்தில் நானிருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பேன். ஆனால் பக்கத்தில் குந்தியிருந்த மெஷின்காரர் சிரிக்கவில்லை.

"தம்பி, மேட்டுல நிக்கிற எந்த மரமா இருந்தாலும் சொல்லுவியா?"

"சொல்லுவேண்ணே."

"நாளைக்கு ஒரு சவுக்கு மரம் வெட்டணும்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. தேயிலைக்கு நடுவுல நிக்குது, நல்ல சரிவு. நீ முதல்ல ஒசரத்தச் சொல்லு. நான் சாய்க்கிறேன். ஐயா அளக்கட்டும்."

புதன்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பாதித் தோட்டம் அந்தச் சரிவில் கூடிவிட்டது. சேவல் சண்டைக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவர் போலக் கொஞ்சம் தள்ளி நின்றார். இந்த முறை ஏற்றத்தை அளக்கப் படி இல்லை. நீளக் கம்பை மட்டமாகப் பிடித்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தலைப் படுக்கவைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கம்பு கம்பாக ஏறி அளந்தோம். உச்சியைப் பார்த்தேன். தாளை முழங்காலில் வைத்துக் கணக்கைப் போட்டேன். அவசரத்தில் ஏழு ஒன்றாகி, ஒன்று ஏழாகி, இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

"முப்பத்தி எட்டு அடி" என்றேன்.

"பூசைக்கு வராதவன்லாம் இன்னிக்கி செபம் பண்றான்" என்று மாமா சொன்னது கேட்டது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டதை நான் கடைக்கண்ணால் பார்த்தேன்.

மெஷின் உறுமியது. சவுக்கு ஒரு முறை தயங்கி, பிறகு தேயிலையின் மேல் சரிந்து படுத்தது. கணக்கப்பிள்ளை அளவு நாடாவின் முனையை வெட்டுவாயில் வைக்கச் சொல்லி, தானே நடந்து உச்சிக்குப் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"முப்பத்தி எட்டரை."

தோட்டத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார். "எங்க அக்கா மவன்! எங்க அக்கா மவன்!" என்று, எல்லோருக்கும் தெரிந்த உறவை எல்லோரிடமும் சொன்னார். மெஷின்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் இருவது வருஷமா சாச்சிட்டுத்தான் அளக்கிறேன். இவன் நிக்கையிலேயே அளக்கிறான்."

கணக்கப்பிள்ளை சட்டைப் பையிலிருந்த பழைய தாளைக் கிழித்தார். வியாழக்கிழமைப் பெரட்டில் கட்டளை மாறியது. கூரையில் கை வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மரம் சாயும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஆட்கள் வெளியே வந்து நின்றால் போதும். மூட்டைகள் அவிழ்ந்தன. முதல் காம்பராக் கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. அம்மா தைத்த திரைகள் பிள்ளைக்குத் துணியாகின.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் பெரட்டுக் களத்தில் நின்றோம். அக்கா பிள்ளையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். மேலே மெஷின் முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வாய் வெட்டியது. பிறகு மேல்பக்கம் போனது. வெகுநேரம் சத்தம் மட்டுமே வந்தது. திடீரென்று சத்தம் நின்றது. மெஷின்காரர் பக்கவாட்டில் ஓடினார். மரம் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்தது. அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு மெதுவாகக் கிளம்பும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு மெதுவாக இல்லை. நிலம் குலுங்கியது. லயத்தின் பின்பக்கம் முழுக்க இலையும் தூசியும் எழுந்து கூரையை மறைத்தன. தைல வாசம் மூக்கில் ஏறியது.

தூசி அடங்கியபோது கூரை இருந்தது. ஆறு காம்பராவின் தகரமும் ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது.

கூட்டம் கத்திக்கொண்டு ஓடியது. நான் எல்லோருக்கும் முன்னால் கயிற்றோடு ஓடினேன். உச்சிக் கொப்பு கானுக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தது. நான் கயிற்றை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் குசினிக் கதவு திறந்தது. அம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தார். தலையெல்லாம் கூரையிலிருந்து கொட்டிய கரி. கையில் வெந்நீர்க் கேத்தல்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? எப்ப உள்ளுக்குப் போன?"

"பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணி வச்சிருந்தேன். கொதிக்கிற நேரம். அடுப்ப அப்படியே விட்டுட்டு நிக்கச் சொல்றீங்களா?" பிறகு, இதையும் சொல்ல வேண்டுமா என்பது போல, "அதான் வராதுன்னு தம்பி சொல்லிருச்சே" என்றார்.

அப்பா அம்மாவைத் திட்டினார். மாமா அப்பாவைச் சமாதானப்படுத்தினார். எனக்கு அது எதிலும் மனம் போகவில்லை. என் கவலை வேறு. நான் சொன்னது ஆறு அடி மிச்சம். கயிறு காட்டியது நாலு அடி. இரண்டு அடி எங்கே போனது? மாமா மகள் தோளில் தட்டியதும், கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னிலும் கைகொடுத்ததும், இனி என் பிள்ளைகளுக்கும் நீதான் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி கேட்டதும் இனித்தன. ஆனால் அந்த இரண்டு அடி பல்லிடுக்கில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"நாலடியோ ஆறடியோ, வரலதானே" என்றார் அம்மா. "சாப்புடு."

கணிதம் தெரியாதவர்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்துப் பதுளையில் உயர்தரம் படித்தேன். இணைந்த கணிதம். அப்போது வகையீடு நடந்துகொண்டிருந்தது. கோணத்தை அளப்பதில் சின்னப் பிழை வந்தால் உயரத்தில் எவ்வளவு பிழை வரும் என்று, தான்சனை வகையிட்டுக் காணும் பயிற்சி ஒன்று வந்தது. புத்தகம் கேட்டது ஏதோ ஒரு கோபுரத்தை. நான் கோபுரத்தை விட்டுவிட்டு, விளையாட்டாக என்னுடைய எண்களைப் போட்டேன்: நூற்றுப் பதின்மூன்று அடி, ஐம்பத்து மூன்று பாகை. ஒரு பாகை பிசகினால் உயரத்தில் ஐந்தரை அடி பிசகும் என்று விடை வந்தது. எங்கோ தவறிவிட்டேன் என்று மறுபடி செய்தேன். ஐந்தரை அடிதான்.

ஒரு பாகை என்பது பாகைமானியில் இரண்டு கோட்டுக்கு இடைப்பட்ட இடம். என் நூலின் தடிப்பே அதில் பாதி இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று வேறு. நட்டு ஆடிக்கொண்டிருந்தது, நிற்கும் நிற்கும் என்று பார்த்து, நிற்காமல் போக, ஆட்டத்துக்கு நடுவில் ஒரு கோட்டைத் தெரிந்தெடுத்து ஐம்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டேன். பக்கத்துக் கோட்டையும் எழுதியிருக்கலாம். அதற்கடுத்ததும் அவ்வளவு தூரத்தில் இல்லை. நான் சொன்ன மிச்சமோ ஆறே அடி. மேல் ரோட்டுக் கணக்கும் அதே நூலால், அதே மாதிரிக் காற்றில் வந்ததுதான்.

வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. நான் போகவில்லை. மரம் விழுந்த பிறகு அன்று நானும் மாமா மகளும் உச்சிக் கொப்பிலிருந்து குசினிச் சுவர் வரைக்கும் மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் நாலு அடிதான் வந்தது. சுவரிலிருந்து உள்ளே அடுப்படி எத்தனை அடி என்று அளக்க எனக்குத் தோன்றவில்லை.